பார்ப்பவன் அல்லாஹ் ஒருவன் போதாதா?

 

உள்ளத்தின் நோய்களில் இரண்டு மிகவும் நுட்பமானவை. ஒன்று, பிறர் புகழ வேண்டுமென்று அமல் செய்யும் ‘ரியா’ எனும் முகஸ்துதி. மற்றொன்று, தன்னைத் தானே மெச்சிக் கொள்ளும் ‘உஜ்பு’. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் மூன்றாம் பாகத்தில், மனிதனை நாசமாக்கும் குணங்களின் வரிசையில், இவ்விரண்டையும் விரிவாக விளக்கியுள்ளார்கள்.

முன்பு ஒருவர் தஹஜ்ஜுத் தொழுதால் வீட்டாருக்கு மட்டுமே தெரியும். இன்று உலகமே பார்க்கக் கைப்பேசி போதும். பேஸ்புக்கில் ‘லைக்’ பொத்தான் 2009-ல் வந்தது. இன்ஸ்டாகிராம் 2010-ல் வந்தது. காற்றோடு போய்க் கொண்டிருந்த புகழ்ச்சி, எண்ணிப் பார்க்கும் கணக்காகி விட்டது.

தற்பெருமைக் குணம் மிகுந்தவர்கள் பேஸ்புக்கில் தம்மை அதிகமாக விளம்பரப்படுத்துகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர்களான பஃபார்டியும் கேம்ப்பெல்லும் 2008-ல் எழுதினார்கள். ஆனால் இந்தக் கருவி அக்குணத்தை உண்டாக்குகிறதா, அக்குணம் உள்ளவர்கள்தாம் இதை நாடுகிறார்களா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆகவே படம் போட்டவரையெல்லாம் நோயாளி என்பது அநீதி. பிறருடைய நிய்யத்தைத் துருவிப் பார்க்கும் அதிகாரமும் நமக்கில்லை. நல்ல உடையை விரும்புவது பெருமையல்ல. சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். அதே நபியவர்கள்தாம், அழகிய ஆடையணிந்து தன்னைத் தானே வியந்து நடந்த ஒருவனைப் பூமி விழுங்கிய செய்தியையும் கூறினார்கள்.

சகோதரர்களே! ஓர் ஏழை விதவைக்கு ரமலானில் அரிசிப் பை கொடுக்கிறோம். அவள் தலை குனிந்து வாங்குவதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். நமக்கு நூறு லைக். அவளுக்கு நூறு பேர் முன்னால் அவமானம். சொல்லிக் காட்டியும் மனதை நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று அல்பகரா சூராவில் அல்லாஹ் எச்சரிக்கிறான். வழுக்குப் பாறையின் மேல் படிந்த மண்ணைப் பெருமழை அடித்துச் செல்வதை அதற்கு உவமையாக்குகிறான். பிறரைத் தூண்ட வெளிப்படையாகக் கொடுக்கலாம். அதற்கு வாங்குபவரின் முகம் எதற்கு?

ஆலிம்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில், புகழுக்காகக் கல்வி கற்றவரும் ஒருவர் என்பது ஹதீஸ். பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் தலைமைப் பேராசிரியராக இருந்த இமாம் கஸ்ஸாலி, தம் போதனையில் புகழாசை கலந்திருப்பதை உணர்ந்து, ஹிஜ்ரி 488-ல், அதாவது 1095-ல், அப்பதவியையே துறந்து சென்றார்கள். பயானைப் பதிவேற்றிவிட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நொடிக்கொரு தரம் பார்ப்பவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

மருந்து என்ன? தவாபு செய்யும்போது கைப்பேசியைப் பையில் வையுங்கள். படம் போடுமுன், “யாரும் மெச்சாவிட்டாலும் இதைப் போடுவேனா?” என்று உள்ளத்தைக் கேளுங்கள். லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது; பயன்படுத்துங்கள். மனைவி மக்களுக்கும் தெரியாத ஓர் அமலையாவது அல்லாஹ்வுக்கும் உங்களுக்கும் மத்தியில் வைத்துக் கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் அமல்களை முகஸ்துதியிலிருந்து காப்பாயாக! ஆமீன்.