எண்ணிக்கை பாட்டைக் கேட்குமா?

ஒரு வீடு மந்திரிக்கச் சென்ற இடத்தில், தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே நடந்துகொண்டிருந்த வாக்குவாதத்தில் நாம் அகப்பட்டுக்கொண்டோம். பையன் உயர்தர வகுப்பில் படிக்கிறான். அவனுடைய கைத்தொலைபேசியில் ஓர் ஆங்கிலப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. "இரும்புக் கடையில் தட்டுமுட்டுச் சாமான் சரிஞ்ச மாதிரிக் கிடக்கு. இதுவும் ஒரு பாட்டோ?" என்றார் தகப்பன். "அப்பா, இந்தக் கிழமைதான் பட்டியலுக்குள் வந்த பாட்டு. வந்த உடனேயே முதலாம் இடம். உலகம் முழுக்கக் கேட்குது. அவ்வளவு பேருக்கும் காது பிழையோ?" என்றான் மகன். பின்பு இருவரும் எம் பக்கம் திரும்பினர். "நீங்கள் சொல்லுங்கோ, சுவாமி."

இத்தகைய வேளைகளில் சுவாமிமார் தகப்பன் பக்கம் சாய்வதே வழக்கம். அன்று எம்மால் அப்படிச் சாய முடியவில்லை. பையன் கேட்டது மிகப் பழைய கேள்வி. பலர் விரும்புகிறார்கள் என்பது ஒரு பொருள் நல்லது என்பதற்குச் சான்றாகுமா? இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அப்படிச் சொன்ன பின்னர் நாமும் அந்தச் சொல்லின்படி நடக்க வேண்டுமே!

இந்த 'முதலாம் இடம்' எங்கிருந்து வருகிறது? 1952ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி, லண்டனில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற வார இதழ் பிரித்தானியாவின் முதலாவது பாட்டுப் பட்டியலை வெளியிட்டது. இதழின் விளம்பரப் பகுதியைக் கவனித்துவந்த பேர்சி டிக்கின்ஸ் என்பவர் ஏறக்குறைய 20 இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசினார். எந்த இசைத்தட்டு கூடுதலாக விலைபோனது என்று கேட்டு எழுதிக் கூட்டினார். அவ்வளவுதான். அல் மார்ட்டினோ என்ற பாடகரின் பாட்டு முதலாவதாக வந்தது. அமெரிக்காவில் 'பில்போர்ட்' இதழ் நூறு பாட்டுகள் கொண்ட தன் பட்டியலை 1958 ஆகஸ்ட் 4ஆம் திகதி தொடங்கியது.

எமது நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. அதே 1952ஆம் ஆண்டின் இறுதியில், றேடியோ சிலோனின் ஹிந்தி ஒலிபரப்பில் 'பினாகா கீத் மாலா' தொடங்கியது. அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. அமீன் சயானி பம்பாயில் குரல் பதிந்த ஒலிநாடா கொழும்புக்கு வந்து, இங்கிருந்து இந்தியா முழுவதும் கேட்டது. தொடக்கத்தில் பாட்டுகளுக்கு இடவரிசை இல்லை. வரிசைப்படுத்தி எழுதி அனுப்பும்படி நேயர்களையே கேட்டார்கள். கிழமைதோறும் கடிதங்கள் பல்லாயிரமாய்க் குவிந்தன. பின்னரே அது ஒவ்வொரு படியாய் ஏறி முதலாம் இடத்தை அறிவிக்கும் நிகழ்ச்சியாயிற்று. பணம் கொடுத்தது பற்பசை விற்ற நிறுவனம். மக்கள் விருப்பம் என்ற பெரிய சொல்லின் பின்னால் பெரும்பாலும் ஒரு பற்பசை இருக்கும்.

இனி எண்ணும் முறைக்கு வருவோம். குறிப்பிட்ட பாட்டுகளை ஒலிபரப்பும்படி அமெரிக்க வானொலி அறிவிப்பாளர்களுக்கு இரகசியமாய்ப் பணம் கொடுக்கப்பட்டமை 1959இலும் 1960இலும் அந்நாட்டுக் காங்கிரசின் விசாரணைக்கு வந்தது. அலன் ஃபிரீட் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளர் வேலையிழந்தார். அதைத் தடுக்கச் சட்டமும் வந்தது. இது வெளிப்படையான களவு. எம்மைக் கூடுதலாகச் சிந்திக்கவைப்பது களவில்லாத இன்னொரு செய்தி. 1991ஆம் ஆண்டு வரை 'பில்போர்ட்' பட்டியல்கள் பெரும்பாலும் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பியே தயாராயின. அவ்வாண்டு மே மாதத்தில், இசைத்தொகுப்புகளின் பட்டியலுக்கு, பொதியில் அச்சிட்ட கோடுகளை இயந்திரம் படித்துக் கணக்கெடுக்கும் முறை வந்தது. உடனே நாட்டுப்புறப் பாடகர்களின் தொகுப்புகளும் கறுப்பின இளைஞர்களின் ராப் தொகுப்புகளும் மேலே எழும்பின. கேட்டவர்கள் மாறவில்லை, எண்ணிய விதம் மாறியது. அதுவரை அந்த மக்களுக்குக் காது இல்லை என்றே பட்டியல் சொல்லிவந்திருக்கிறது.

இன்று பாட்டை எவரும் வாங்குவது குறைவு. இணையத்தில் கேட்பதே வழக்கம். 2014இல் பிரித்தானியப் பட்டியல் இதையும் சேர்த்து, நூறு தடவை கேட்டால் ஒரு விற்பனை என்று விதி செய்தது. 2017 மார்ச்சில் எட் ஷீரன் ஒரு தொகுப்பை வெளியிட்டபோது, அதிலிருந்த 16 பாட்டுகளும் ஒரே வாரத்தில் முதல் இருபதுக்குள் நுழைந்தன! பட்டியல்காரர்களுக்கே சங்கடமாகிவிட்டது. அவ்வாண்டு ஜூலையில், ஒரு பாடகருக்கு மூன்று பாட்டுக்கு மேல் இடமில்லை என்று விதியை மாற்றினார்கள். பதினாறு பாட்டையும் மக்கள் விரும்பினார்களா, மூன்றை மட்டும் விரும்பினார்களா? விதியைப் பார்த்தே விருப்பத்தைச் சொல்ல வேண்டிய நிலை.

பையன் சொன்ன 'வந்த உடனேயே முதலாம் இடம்' என்பதையும் கவனியுங்கள். அமெரிக்கப் பட்டியலில் 1958 தொடங்கி 37 ஆண்டுகளாக எந்தப் பாட்டும் நுழைந்த வாரத்திலேயே முதலாம் இடம் பெறவில்லை. 1995இல் மைக்கல் ஜக்சனின் ஒரு பாட்டே முதன்முதலாக அப்படி வந்தது. முன்பு ஒரு பாட்டு கீழே நுழைந்து, வாய்வழியாய்ப் பரவி, கேட்டவர்கள் திரும்பக் கேட்டு, மெல்ல மேலே ஏறும். இப்போது காத்திருந்த இரசிகர் கூட்டம் முதல் நாளிலேயே அதைத் தூக்கி உச்சியில் வைக்கிறது. பெரும்பாலும் பாட்டுப் பிடித்ததால் கேட்பதல்ல. பாடகரைப் பிடித்ததால் கேட்பது. பவுலடியார் கண்ட ஏதென்ஸ் நகரத்தார் நினைவுக்கு வருகின்றனர். புதியது ஒன்றைச் சொல்வதிலும் கேட்பதிலுமே அவர்கள் பொழுதைக் கழித்தனர் என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது.

கெய்ற் புஷ் என்ற பாடகி 1985இல் ஒரு பாட்டு வெளியிட்டார். அது பிரித்தானியாவில் மூன்றாம் இடம் வரை போய் நின்றது. 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்றதும் அதே பாட்டு முதலாம் இடத்துக்கு வந்தது. இடையில் 37 ஆண்டுகள். பாட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. அந்த 37 ஆண்டும் அது எத்தனையாவது தரமான பாட்டு? எமது தவக்காலத்தில் வாசிக்கப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியின் வியாகுலப் பிரசங்கம் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாய் எந்தப் பட்டியலும் இல்லாமலே வாழ்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கலாம்.

சங்கீதப் போட்டியில் யார் தீர்ப்பிடுவது என்ற வழக்கு இன்று நேற்று எழுந்ததல்ல. பிளேட்டோ தமது முதிய வயதில் எழுதிய 'சட்டங்கள்' என்ற நூலில் இதே முறைப்பாட்டைச் சொல்கிறார். சிசிலியிலும் இத்தாலியிலும் பார்வையாளர் கைதூக்கி வெற்றியாளரைத் தெரிவுசெய்தனர். அதனால் கவிஞர்கள் கூட்டத்தின் சுவைக்கேற்ப எழுதிக் கெட்டார்கள். கூட்டமும் தன்னைவிட மேலான ஒன்றைக் கேட்டு உயரும் வாய்ப்பை இழந்து கெட்டது என்கிறார் அவர். நடுவர் சபையோருக்கு ஆசிரியராய் இருக்கவேண்டுமேயன்றி மாணவனாய் அல்ல என்பது அவர் கருத்து. குருமடத்தில் இதைப் படித்தபோது முழுமனதோடு தலையாட்டினோம். இன்று பாதித் தலைதான் ஆடுகிறது. கடைக்காரர் வாய்ச்சொல் மறைத்த ஏழைகளின் பாட்டை இயந்திர எண்ணிக்கையே வெளியே கொண்டுவந்தது. 'அறிந்தவர்கள்' என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் அதற்குமுன் அதைச் செய்யவில்லை. எண்ணிக்கைக்கும் ஒரு நீதி உண்டு. பலர் விரும்புவதாலேயே ஒன்று மட்டமானது என்று முகஞ்சுளிப்பவன், எண்ணிக்கைக்கு அடிமைப்பட்டவனைப் போலவே பாட்டைக் கேட்காதவன்.

இனி எமது வீட்டுக் கதை. 1963ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு இரண்டு வாரங்கள் கழிந்த நிலையில், அமெரிக்கப் பட்டியலில் ஒரு கன்னியாஸ்திரியின் பாட்டு முதலாம் இடத்துக்கு வந்தது. பெல்ஜியம் நாட்டு வோட்டர்லூவுக்கு அருகே, சாமிநாதர் சபைக் கன்னியர் மடமொன்றைச் சேர்ந்த ஜனீன் டெக்கர்ஸ் தம் சபையின் தாபகரான புனித சாமிநாதரைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் இயற்றி, கித்தார் மீட்டிப் பாடிய 'தொமினிக்' என்ற பாட்டு அது. இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. 'புன்னகைச் சகோதரி' என்றே அச்சிட்டனர். நான்கு வாரம் அது முதலிடத்தில் நின்றது. பிரெஞ்சு தெரியாத கோடிக்கணக்கானோர் முணுமுணுத்தனர். 1964 ஜனவரியில் எட் சலிவன் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைக் காட்டினார். அடுத்த மாதம் அதே நிகழ்ச்சியில் பீற்றில்ஸ் குழுவினர் தோன்றினர்.

கத்தோலிக்க உலகம் மகிழ்ந்தது. ஏன் மகிழாது? ஆனால் ஒன்றை நேர்மையாகக் கேட்போம். பீற்றில்ஸ் முதலிடம் பெற்றபோது 'கூட்டம் எதையும் விரும்பும்' என்று எத்தனையோ பிரசங்க மேடைகளில் சொன்னோம். கன்னியாஸ்திரி முதலிடம் பெற்றபோது 'பாருங்கள், மக்கள் உள்ளம் தேவனைத் தேடுகிறது' என்றோம். அளவுகோல் ஒன்றே, எமக்குச் சாதகமாய் வந்தபோது மட்டும் அது தேவ சித்தமாயிற்று.

அந்தச் சகோதரிக்கு என்ன நேர்ந்தது? பாட்டின் வருமானம் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் அவருடைய மடத்துக்கும் போயிற்று. வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர் கையில் ஒன்றும் தங்கவில்லை. 1966இல் அவரைப் பற்றி ஹொலிவூட் ஒரு படம் எடுத்தது. அவர் மடத்தை விட்டு வெளியேறியதும் அதே ஆண்டில்தான். பழைய பெயரில் பாடும் உரிமை அவருக்கு இல்லை. வேறு பெயரில் பாடினார், மக்கள் வாங்கவில்லை. 'முதலாம் இடம்' என்பது பெயருக்குக் கிடைத்ததா, பாட்டுக்குக் கிடைத்ததா, அவருக்குக் கிடைத்ததா? அவருக்கில்லை என்பது மட்டும் தெளிவாயிற்று. தோழி ஒருவரோடு சேர்ந்து, ஒட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென ஒரு நிலையம் நடத்தினார். பணமின்மையால் அதுவும் நிலைக்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் பெல்ஜிய வரித் திணைக்களம் பழைய வருமானத்துக்கு வரி கேட்டு நின்றது. பணம் மடத்துக்குப் போனது என்றார். காட்டுவதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. 1985 மார்ச் 29ஆம் திகதி, தமது 51ஆவது வயதில், தோழியோடு சேர்ந்து தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார்.

அவர்களைத் தீர்ப்பிடுவது எமது வேலையல்ல. இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைப்போம். எம்மை உறுத்துவது வேறு. கோடிக்கணக்கில் எண்ணப்பட்டவர் அவர். வாரந்தோறும், கடை கடையாக, இசைத்தட்டு இசைத்தட்டாக எண்ணப்பட்டார். பின்பு எத்தனை பேர் அவரைத் தேடிப்போய், "சகோதரி, சாப்பிட்டீர்களா?" என்று கேட்டிருப்பார்கள்?

தாவீது அரசன் தன் மக்களைக் கணக்கெடுத்தது ஏன் பாவமாயிற்று என்பதற்கு வேத விளக்கவுரையாளர் பல காரணங்கள் சொல்வதுண்டு. ஆளை விட்டு எண்ணில் நம்பிக்கை வைத்தான் என்பது எமக்குப் பொருத்தமாய்ப் படுகிறது. இதை எழுதும் கையே ஆகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழா முடிந்ததும் 'இத்தனை இலட்சம் பக்தர்கள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிடும் கை. அந்த இலட்சத்தில் ஒருவர் ஏன் வந்தார், எதை வைத்து அழுதார் என்று நாம் எழுதியது மிகக் குறைவு. ஆகையால் அந்தப் பையனைக் கண்டிக்க எமக்கு வாய் எழவில்லை.

அவனிடம் கேட்டது இதுதான்: "தம்பி, உலகம் கேட்டது இருக்கட்டும். உனக்கு இந்தப் பாட்டில் எது பிடிச்சது?" பையன் சற்று நேரம் யோசித்தான். நடுவில் எல்லா வாத்தியங்களும் நின்று அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கேட்கும் ஓர் இடம் பிடிக்கும் என்றான். போட்டுக் காட்டச் சொன்னோம். உண்மையில் நல்ல இடம்தான். வார்த்தைகள் மெலிவு என்பது எமது அபிப்பிராயம், அதையும் சொன்னோம். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. தகப்பன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் முன்பு போல எழுந்து போகவுமில்லை.

தேநீர் வந்தபோது புன்னகைச் சகோதரியின் கதையைச் சொன்னோம். கேட்டு முடித்ததும் பையன் கைத்தொலைபேசியில் 'தொமினிக்' பாட்டைத் தேடி எடுத்துவிட்டான். எடுத்ததும் அதன் கீழே இருந்த எண்ணிக்கையை உரக்க வாசிக்கத் தொடங்கினான்.

"அது கிடக்கட்டும், பாட்டைப் போடு" என்றார் தகப்பன்.