மூன்றாம் முறை கேட்கப்படும் கேள்வி

தெலுங்கு மக்களின் கைபேசிகளில் ஓயாமல் வலம்வரும் முகம் ஒன்று உண்டு. அது நகைச்சுவை நடிகர் பிரம்மானந்தத்தின் முகம். மேற்கு கோதாவரி மாவட்டத்து அத்திலியில் தெலுங்கு விரிவுரையாளராகப் பணியாற்றியவர் அவர். 1987-இல் வெளிவந்த ‘அஹ நா பெள்ளண்ட’ திரைப்படத்தால் புகழ்பெற்றார். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். 2009-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். சலிப்பு, ஏளனம், போலி வியப்பு என்று அவர் திரையில் காட்டிய பாவங்களைத் துண்டுகளாக வெட்டியெடுத்து, பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அனுப்பிவிடுகிறார்கள். இத்தகைய படத்துண்டுக்கு ‘மீம்’ என்று பெயர். தமிழ்நாட்டில் இதே பணிக்கு வடிவேலுவும் கவுண்டமணியும் இருக்கிறார்கள். தைத்திரீய உபநிஷதத்தில் பிரம்மானந்தவல்லி என்றே ஒரு பகுதி உண்டு. அந்தப் பெயரைத் தாங்கியவரின் முகம் பிறர் வாயை அடைக்கும் கருவியானது விந்தைதான். அதில் அவருக்குப் பங்கு ஏதுமில்லை.

ஹைதராபாதில் ஒரு பழைய வாதம் உண்டு: இந்த நகரை வளர்த்தவர்கள் யார்? 1591-இல் முகம்மது குலி குதுப் ஷா நிறுவிய நகரம் இது. பின்னர் நிஜாம்களின் தலைநகரானது. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவானபோது அதன் தலைநகராயிற்று. ‘எங்கள் உழைப்பாலும் முதலீட்டாலும் வளர்ந்தது’ என்பர் ஒரு சாரார். ‘நீங்கள் வருமுன்பே செழித்திருந்தது’ என்பர் மறுசாரார். 1969-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பலர் உயிரிழந்தனர். 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா தனி மாநிலமாயிற்று. ஹைதராபாத் இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராக இருந்த பத்தாண்டுக் காலமும் 2024 ஜூனில் முடிந்தது. வாதம் மட்டும் முடியவில்லை. எதிரி அடுத்து என்ன சொல்வார் என்பது இரு தரப்பினருக்கும் மனப்பாடம். ஆகவே, ஒருவர் தொடங்கியவுடனேயே பதிலாக அந்தச் சலித்த முகம் வந்து நிற்கிறது. பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள், பேச்சு அத்துடன் நின்றுவிடுகிறது.

இது தவறா? நூறு முறை பதில் சொல்லிக் களைத்தவனிடம் நூற்றோராவது முறையும் சொல் என்று கட்டளையிட நமக்கு உரிமை இல்லை. வள்ளுவப் பெருந்தகை பயனில சொல்லாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நம் தர்க்க சாஸ்திரமும் கூறியது கூறலை மன்னிப்பதில்லை. கௌதம முனிவரின் நியாய சூத்திரம் வாதத்தில் தோல்வியைக் குறிக்கும் இருபத்திரண்டு நிலைகளைக் கூறுகிறது. ‘புனருக்தம்’, அதாவது பயனின்றித் திரும்பச் சொல்லுதல், அவற்றுள் ஒன்று.

ஆனால் அதே பட்டியலில் மறுபக்கத்தாருக்கும் விதிகள் உண்டு. எதிரி மூன்று முறை சொல்லி, சபையும் அதைப் புரிந்துகொண்ட பின்னர், அவர் கூற்றை எடுத்துச் சொல்ல மாட்டாமல் நிற்பவன் தோற்றவன். ‘எனக்கு வேறு வேலை இருக்கிறது’ என்று சாக்குச் சொல்லிப் பாதியில் எழுந்து போகிறவனும் தோற்றவனே. மறுப்பதற்கு முன் எதிரியின் கருத்தை அவரே ஒப்பும்படி எடுத்துரைக்க வேண்டும் என்பது எவ்வளவு கடுமையான ஒழுக்கம்! ஒரு படத்துண்டை அனுப்புவதற்கு இந்தச் சிரமம் எதுவும் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாதம் பழையதாக இருக்கலாம். அதைப் பேசும் வாய் புதியதாக இருக்கலாம். இன்று இருபது வயதான ஓர் இளைஞன் மாநிலம் பிரிந்தபோது சிறுவன். பாட்டனாரின் வாயிலிருந்து 1969-இன் துயரத்தைக் கேட்டுவிட்டு, வாழ்வில் முதன்முறையாக அவன் இந்தக் கேள்வியைக் கேட்கிறான். நமக்கு அது நூறாவது, அவனுக்கு முதலாவது. அவனுக்குக் கிடைக்கும் முகபாவம் ‘உன் கருத்தில் இன்ன பிழை’ என்று சொல்வதில்லை. ‘நீ பேசத் தகுதியற்றவன்’ என்கிறது. அதையும் அவனிடம் சொல்வதில்லை. அவனைச் சுட்டிக்காட்டிச் சுற்றியிருப்பவர்களிடம் சொல்கிறது. மௌனத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்குதான். மௌனம் எதிரியின் மானத்தை அவனிடமே விட்டுவைக்கிறது. ஏளனம் அதைப் பிடுங்கிப் பிறருக்கு விருந்தாக்குகிறது.

சாந்தோக்கிய உபநிஷதத்தில் இந்திரன் பிரஜாபதியிடம் ஆத்ம வித்தை கற்க வருகிறான். உடன் வந்த விரோசனன் முதல் விடையிலேயே திருப்தியடைந்து போய்விட்டான். இந்திரன் பாதி வழியில் ஐயம் எழுந்து திரும்பி வருகிறான். மீண்டும் ஐயம், மீண்டும் வருகை. மொத்தம் நூற்றோர் ஆண்டுகள் அவன் அங்கே தங்கினான் என்கிறது உபநிஷதம். ‘மறுபடியுமா?’ என்று பிரஜாபதி ஒருமுறை முகம் சுளித்திருந்தாலும் அந்த வித்தை நமக்குக் கிடைத்திராது.

இணையத்தில் வருகிறவர்கள் எல்லோரும் இந்திரர்கள் அல்லர் என்பது உண்மை. விடை வேண்டாமல், எதிரியைக் களைப்படையச் செய்வதற்காகவே கேட்பவர்களும் உண்டு. இதையும் கௌதமர் அறிந்திருந்தார். முளைவிடும் விதையைக் காக்க முள்வேலி இடுவதுபோல, உண்மையைக் காக்க வெறும் மறுப்பு வாதமான விதண்டையையும் கையாளலாம் என்று அவர் அனுமதிக்கிறார். ஆகவே படத்துண்டையும் ஒரு முள்வேலி என்று கொள்வோம். அப்படியானால் வேலிக்குள்ளே ஒரு செடி இருக்க வேண்டும். நான் காக்க விரும்பும் கருத்து எது என்று அனுப்புகிறவர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டால், பெரும்பாலும் அங்கே செடி இராது, வேலி மட்டுமே இருக்கும். அந்த வேலியும் கேட்க வந்தவனையும் கெடுக்க வந்தவனையும் பிரித்தறியாமல் குத்துகிறது.

1893 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஹைதராபாதுக்கு வந்தார். செகந்திராபாத் மெஹபூப் கல்லூரியில், தாம் மேலைநாடு செல்வதன் நோக்கத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அங்கே போன பிறகு அவரை விடாமல் துரத்திய கேள்விகளுள் ஒன்று, இந்துத் தாய்மார்கள் குழந்தைகளைக் கங்கையில் முதலைகளுக்கு எறிகிறார்களாமே என்பது. சினம் கொள்வதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆம், தம்மையும் எறிந்தார்கள், தாம் எப்படியோ தப்பி வந்துவிட்டதாக ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். அதுவும் நகைச்சுவைதான். ஆனால் அதில் நகைக்கப்பட்டவர் அவரே. கேட்டவரும் சேர்ந்து சிரிக்க இடமிருந்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் மேடையை விட்டு இறங்கிவிடவில்லை. இந்தியப் பெண்மையைப் பற்றியும் தாய்மையைப் பற்றியும் அந்த நாட்டு மக்களுக்கு ஊர் ஊராகச் சென்று விளக்கிக்கொண்டேயிருந்தார்.