பீலித் தண்ணீரும் மனச்சாட்சியும்



அறியாமற் செய்த குற்றம் பாவமாகாது என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். உண்மைதான். ஆனால் அந்தப் பாடத்திற்கு இரண்டாம் பக்கம் ஒன்று உண்டு. அதை நாம் அவ்வளவாக நினைவில் வைப்பதில்லை. எவ்வளவு முயன்றாலும் அறிய முடியாத அறியாமை வேறு, கொஞ்சம் முயன்றால் அறிந்திருக்கக்கூடிய அறியாமை வேறு என்று அர்ச். தோமாஸ் அக்குவினார் பிரித்துக் காட்டுகிறார். முன்னையது குற்றமன்று. பின்னையது, அறிய வேண்டிய கடமையுள்ளவனுக்குக் குற்றமே. தெரிந்தால் தொல்லை என்று வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வது இன்னும் மோசம்.

இதை நமது சப்பிரகமுவத் தோட்டங்களின் தண்ணீரில் வைத்துப் பார்ப்போம்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பல லயங்களுக்கு மலையூற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ தண்ணீர் குழாய்வழி வருகிறது. பீலித் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவு. பாட்டன் காலத்திலிருந்து குடித்த தண்ணீர். வயிற்றோட்டம் வந்தால் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வார்கள். கிருமிக்கு அது சரி. ஆனால் இறப்பர்த் தொழிற்சாலையின் போமிக் அமிலம், அமோனியா, புல்லுக்கு அடிக்கும் மருந்து, லொறி திருத்துமிடத்தில் இரும்பு துடைக்கும் பெற்றோல், தின்னர் ஆகியவை கிருமிகளல்ல. கொதித்தால் சாவதற்கு அவற்றுக்கு உயிரில்லை. சில ஆவியாகி அடுப்படியில் நிற்பவளின் மூச்சில் சேரும். சில தண்ணீர் வற்றவற்ற அடர்த்தியாகும்.

வழக்கமான சோதனை பெரும்பாலும் கிருமியைத்தான் தேடுகிறது. கரைப்பான்களைத் தேடவேண்டுமானால் தனியாகக் கேட்கவேண்டும். சுத்தமான கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, உடனே மூடி, குளிரில் வைத்து, அதற்குரிய கருவியுள்ள ஆய்வுகூடத்திற்கு அனுப்பவேண்டும். சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டு போய்ப் பயனில்லை. பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். அந்த அளவை நாக்கும் மூக்கும் பிடிக்கமாட்டா.

அமெரிக்காவில் வோபர்ன் என்ற ஊர். அங்கே ஆன் அன்டர்சன் என்ற தாய், தன் மகனுக்கு வந்த இரத்தப் புற்றுநோய்க்குக் குழாய்த் தண்ணீரே காரணமோ என்று சந்தேகித்தார். அவருடைய போதகர் புரூஸ் யங்கே முதலில் நம்பவில்லை. 1979இல் இரண்டு பொதுக் கிணறுகளில் டிரைகுளோரோஎதிலீன் என்ற கரைப்பான் இருப்பது தெரிந்து அவை மூடப்பட்டன. பின்பு அதே போதகர்தான் நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோரைக் கோவிலில் கூட்டினார். ஒரு குருவானவனாக இதை நான் சும்மா கடந்துபோக முடியவில்லை.

நம் நாட்டிலும் சுன்னாகம் இருக்கிறது. மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை நடத்திய நிறுவனத்துக்கு 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. அதற்கு முன், மாகாண சபை அமைத்த நிபுணர் குழு சொன்னதும் மற்றச் சோதனைகள் காட்டியதும் ஒத்துப்போகாமல், குடிப்பதா விடுவதா என்று சனங்கள் திகைத்தார்கள்.

"வேறு தண்ணீர் இல்லாதவர்களை ஏன் சுவாமி பயமுறுத்துகிறீர்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேறு வழியின்றி அந்தத் தண்ணீரையே பிள்ளைக்குக் கொடுக்கும் தாய்மீது ஒரு பாவமுமில்லை. ஆனால் அவளுடைய ஏழ்மையைக் காட்டி, சோதிக்க வல்லவர்கள் சோதிக்காமல் விடலாமா? மாசு எங்கிருந்து வருகிறதென்று தெரிந்தால் குழாயின் வாயைத் தொழிற்சாலைக்கு மேலே மாற்றலாம். அதற்குப் பெரிய பணம் எப்போதும் வேண்டியதில்லை.

துரைமாரை மட்டும் சொல்வதும் சரியன்று. மருந்தடித்த கானை மேலோடையில் கழுவுகிறவர் நம்மவராகவும் இருக்கலாம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது இதை எத்தனைபேர் எண்ணிப் பார்க்கிறோம்?

உங்கள் தோட்டத்தில் தண்ணீர் நல்லதென்று யாராவது சொன்னால், எதையெதைத் தேடிப் பார்த்தீர்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மரியாதையாகக் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமானால் நாலுபேராய்ப் போங்கள். கடிதம் எழுதவேண்டுமானால் பங்குச் சுவாமியிடம் எழுதித் தரச் சொல்லுங்கள்.