நடைபாதை யாருக்கு?

நகரத்தில் நாம் அனைவரும் நடப்பவர்களே. பேருந்தில் செல்பவரும் காரில் செல்பவரும் இறங்கியபின் நடந்துதான் வீடு சேர வேண்டும். ஆயினும் சாலையை வகுக்கும்போது வாகனங்களுக்கு அளந்தபின் எஞ்சியதையே கால்களுக்கு விடுகிறோம். எஞ்சிய அவ்விடத்திற்கும் உரிமை கோருவோர் இருவர்: நடப்பவர் ஒருவர், அங்கே கடை விரித்துப் பிழைப்பவர் மற்றொருவர்.

இவ்விருவருள் அறம் யார் பக்கம்? பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்றது. நடைபாதை நடப்பவர்க்கு உரியது என்றும் அத்தீர்ப்பிலேயே கூறிற்று. 2025-இல் அதே நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமையும் அரசியலமைப்பின் அதே 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை எனின், ஒன்றை வெட்டி மற்றதை வளர்ப்பது நீதியாகுமா?

விடை அளவில் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறை, தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வந்தாலும் முட்டாமல் செல்லும் அகலம் அது. நடைபாதையின் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரலாகாது என்பது முதியோரின் முழங்காலை எண்ணி வகுத்தது போலும். தெரு வியாபாரிகளுக்கு இடம் வகுக்கவேண்டும் என்கிறது 2014-ஆம் ஆண்டுச் சட்டம்.

இவ்வளவு இடம் எங்கிருந்து வரும்? நாள் முழுதும் ஓரத்தில் சும்மா நிற்கும் கார்களிடமிருந்துதான். பூக்காரியை விரட்டுவது எளிது; நம் வாசலில் நிற்கும் நம் காரை நகர்த்துவது கடினம். அறத்தின் தொடக்கம் அங்கேதான்.