வளையம் கழற்றும் இன்பம்



கட்டுண்டதொன்றை அவிழ்க்குங்கால் உயிர்க்கு ஓர் இன்பம் பிறக்கின்றது. அதனாற் பொன் வாராது, புகழ் வாராது, பசியும் தணியாது. ஆயினும் சிறுவர் முதல் முதியோர் ஈறாக யாவரும் அதனை விரும்புகின்றனர். இவ்வின்பம் எங்கிருந்து தோன்றுகின்றது என்பதை ஒரு சிறு விளையாட்டுக் கருவியை வைத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம். கருவி சிறிதென்று இகழற்க.

சீன தேயத்தில் ‘ஒன்பது தொடர்வளையம்’ என்னும் பொருள்படும் பெயரால் வழங்கும் கைப்பொறி ஒன்றுண்டு. கைப்பிடியோடு கூடிய நீண்ட கம்பிக் கண்ணியின்மேல் ஒன்பது வளையங்கள் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வளையத்தையும் ஒரு மெல்லிய கம்பி பற்றி, அடுத்த வளையத்தினூடே இறங்கிக் கீழுள்ள தகட்டிற் பொருந்தும். கண்ணியை வளையங்களினின்றும் முற்றும் விடுவித்தலே ஆடுவோன் செய்யவேண்டுவது. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த சீனப் பெருங்கதையாகிய ‘செம்மாடக் கனவு’ என்பதன் ஏழாம் அதிகாரத்தில் இளையோர் இதனை ஆடுகின்றனர். இத்தாலி தேயத்துக் கார்டானோ என்னும் கணித அறிஞர் 1550-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் இதனைக் குறித்தார். பிரான்சு தேயத்து லியோன் நகரத்தவராகிய குரோ என்பார் 1872-இல் இதன் கணக்கை முறைப்பட வரையறுத்தார்.

இதன் விதி மிகச் சுருங்கியது. கண்ணியின் நுனியை அடுத்துள்ள வளையம் முதலாவது எனக் கொள்க. அதனை எப்பொழுதும் கழற்றலாம், எப்பொழுதும் மாட்டலாம். வேறொரு வளையத்தைக் கழற்றவோ மாட்டவோ வேண்டின், நுனிப்பக்கத்தே அதனை அடுத்து நிற்பது கண்ணியில் இருத்தல் வேண்டும். அதற்கும் முன்னுள்ளன யாவும் கழன்றிருத்தல் வேண்டும். இவ்வளவே விதி.

மூன்று வளையங்களே உள்ளன எனக் கொண்டு பார்ப்போம். முதலாவதைக் கழற்றுக, மூன்றாவதைக் கழற்றுக, முதலாவதை மீள மாட்டுக, இரண்டாவதைக் கழற்றுக, முதலாவதைக் கழற்றுக. செயல்கள் ஐந்து. ஐந்து வளையங்களுக்கு 21 செயல்கள் வேண்டும், ஏழிற்கு 85, ஒன்பதிற்கு 341. விநாடிக்கு ஒன்றாகச் செய்யினும் ஏறக்குறைய ஆறு நிமிடம் ஆகும்.

புதிதாக ஆடுவோனுக்கு இடர் யாதெனின், கழற்றியதை மீள மாட்ட அவன் மனம் இசையாமையே. பெற்றதை இழப்பதாக அஞ்சுகின்றான். அஞ்சி, விதி இடந்தராத வளையத்தை வலிந்து இழுக்கின்றான். சீனரது பழஞ்சரித நூலொன்றில் ஒரு செய்தியுண்டு. சின் நாட்டு மன்னன் சீ நாட்டு அரசமாதேவிக்குப் பச்சைக்கல் வளையத்தொடர் ஒன்றை அனுப்பி, இதனை அவிழ்க்க வல்லார் உளரோ என வினவினான். அமைச்சர் ஒருவரும் வழியறிந்திலர். தேவி சம்மட்டியால் அதனை உடைத்து, அவிழ்த்தாயிற்று என விடையனுப்பினாள். அரசியற்கு அது தக்க விடையே. ஆயின் அவிழ்த்தலின் இன்பம் அங்கே இல்லை. வளையப்பொறியை முறையே விடுவித்தோன் கையில் ஒரு வளையமும் சிதையாது கிடக்கும். கட்டும் ஆற்றல் மாத்திரமே அவற்றினின்றும் அகன்றிருக்கும். மலம் அழிவதன்று, அதன் சத்தி மடங்குவதே என்னும் நம் சித்தாந்தக் கொள்கையை ஈண்டு நினைவு கூர்க.

இனி இன்பம் எப்பொழுது தோன்றுகின்றது? இறுதி வளையம் கழலும்போது என்று பலரும் கருதுவர். அற்றன்று. இடைநிலை எதிலும் ஆடுவோன் செய்யத்தக்க செயல்கள் இரண்டே. ஒன்று சற்றுமுன் செய்ததை அழிப்பது, மற்றொன்று மேற்செல்வது. இதனைத் தெளிந்தவன், செய்ததை உடனே அழியாது செல்வானாயின் வழி தானே திறக்கும். இத்தெளிவு வந்த கணத்திலேயே அவன் முகம் மலர்கின்றது. வளையங்கள் இன்னும் கழன்றில, மயக்கம் கழன்றது. ஆகலின் இவ்வின்பம் பொருளைப் பெறுதலான் வருவதன்று, மறைப்பு நீங்குதலான் வருவதென்க.

ஆயினும் எச்சரிக்கை ஒன்றுண்டு. தொடக்கத்தில் வழிகள் இரண்டு. முதலாவது வளையத்தைக் கழற்றித் தொடங்குவோன் 341 செயல்களில் விடுபடுவான். அதனை விட்டு இரண்டாவதைக் கழற்றித் தொடங்குவோன் 170 செயல்களில் வேறொரு நிலையை எய்துவான். ஆங்கே எட்டு வளையங்கள் கழன்று கிடக்கும். கைப்பிடியை அடுத்துள்ள ஒன்பதாவது மட்டும் கண்ணியில் நிற்கும். காண்போர், இன்னும் ஒன்றே என வியப்பர். உண்மையிலோ விடுதலைக்கு மிகச் சேய்மையான நிலை அதுவே. ஒன்பதும் பூண்டு நிற்பவனுக்கு வேண்டுவன 341 செயல்கள். ஒன்றே பூண்டு நிற்கும் இவனுக்கோ 511! கழற்றிய எட்டையும் மீளப் பூண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து, பின்னரே அவன் விடுபடல் வேண்டும்.

அன்பர்களே, இதனை நம்மேல் வைத்துக் காண்பாம். மனை துறந்தோம், பொருள் துறந்தோம், சுவை துறந்தோம், நூல் பல கற்றோம். ‘யான் துறந்தேன், யான் கற்றேன்’ என்னும் ஒன்று நின்றது. கைக்கு மிக அணித்தாய் நிற்பது அதுவே. உலகர், இவர்க்கு இனி எஞ்சியது சிறிதே என வணங்குவர். அவ்வணக்கத்தை மெய்யென்று கொள்வோமாயின், ஒன்றும் துறவாத எளிய தொண்டனினும் நாம் சேய்மையராவோம். அந்நிலையினின்று மீளும் வழி, விட்ட தொண்டுகளை மீளக் கைக்கொள்ளுதலே. திருவலகிடுக, பூக் கொய்க, தொடக்க மாணாக்கர்க்கு அருகிருந்து எழுத்தறிவிக்க. ஞானநூல் வல்லார்க்கு இது பின்னிடுதல்போலத் தோன்றும். உண்மையில் மேற்செல்லும் செயல் இதுவொன்றே.

இவ்வுவமை ஏகதேசமென அறிக. வளையத்தை ஆடுவோன் தன் மதியாற் கழற்றுவான். உயிரோ குருவருளாலன்றித் தன் கட்டினைக் கழற்றாது. கழன்ற வளையம் மீளப் பூட்டப்படும். வீடுபேற்றிற்கு மீட்சி இல்லை. இவ்வேறுபாடுகளை உள்ளத்துக்கொண்டு, கழன்றவற்றை எண்ணுதலை விடுத்து நின்றதனை நோக்குவோமாக.

திருச்சிற்றம்பலம்.