விடியுமுன் ஒரு நடை

தோவாளைப் பூச்சந்தை விடியுமுன்பே விழித்துவிடும். கல்யாண வீட்டு மாலைக்கும் துட்டி வீட்டு மாலைக்கும் பூ இங்கிருந்துதான் போகிறது.

அப்படியொரு விடியலில்தான் சில பெண்கள் நறுமணப் பொருள்களோடு இயேசுவின் கல்லறைக்கு நடந்தார்கள். இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யப் போனவர்கள், அவர் உயிர்த்தார் என்ற செய்தியோடு திரும்பினார்கள். முதல் சாட்சிகள் அந்தப் பெண்களே!

அந்தச் செய்தியை நம்பிய ஒருவர் நமக்கு மிக அருகில் உயிர்விட்டார். இதே தோவாளை வட்டத்தில், ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில், 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம். நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர். தேவசகாயம் என்பது 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கோடு பெற்ற பெயர். லாசர் என்பதன் தமிழ் வடிவம். நான்கு நாள் கல்லறையில் கிடந்து, இயேசுவின் குரல் கேட்டு எழுந்து வந்த லாசர்! அந்தப் பெயரைச் சுமந்தவரைச் சாவைக் காட்டி மிரட்ட முடியவில்லை.

2022 மே 15-இல் ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது அந்தப் பெயரோடு பிள்ளை என்ற சாதிப் பட்டம் சேர்க்கப்படவில்லை. எனக்கு இதுவும் உயிர்ப்பின் செய்திதான்.

ஈஸ்டருக்குப் பூ வாங்க வருகிறவர்களே, சாதியையும் பயத்தையும் அந்தக் காலிக் கல்லறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.