இலையைத் தெரிவுசெய்தவர் யார்?

சூக் நகரத்துத் தேவாலயங்களில் குருத்தோலை ஞாயிறன்று குருத்தோலை கிடையாது. தென்னையும் பனையும் வளராத நாடு இது. மத்திய சுவிஸின் கத்தோலிக்கர்கள் நெடுங்காலமாக அந்த நாளுக்கு ஒரு காட்டுச் செடியின் கிளைகளையே கட்டிக் கொண்டுபோகிறார்கள். தடித்த பச்சை இலை, ஓரமெல்லாம் முள், பனிக்காலத்திலும் உதிராது. ஜேர்மன் மொழியில் அதன் பெயர் ஸ்ரெக்பால்மெ. குத்தும் பனை என்று சொல்லலாம். பனங்கூடல்களுக்கிடையே பிறந்த எங்களுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்தபின் கொஞ்சநேரம் ஒருவரும் பேசவில்லை.

ஒரு பங்குனி மாதம் சூகர்பெர்க் மலைச்சரிவில் நடக்கப் போனபோது, பாதையோரம் நின்ற அந்தச் செடியின் இலைகளில் மஞ்சளும் மண்ணிறமுமாகச் சில திட்டுக்களைக் கண்டோம். தீப்பட்ட தோல் பொங்கியதுபோல இருந்தது. செடிக்கு ஏதோ நோய் என்று நினைத்தோம். நோயல்ல. உள்ளே ஒரு புழு குடியிருந்தது. இலைக்குள் சுரங்கம் தோண்டி வாழும் ஈக்களில் ஒன்றின் பிள்ளை அது. ஃபைற்றோமைசா இலிசிஸ் என்று அறிவியலாளர் அதை அழைக்கிறார்கள்.

வைகாசி, ஆனி மாதங்களில் துளிர் மெத்தென்று இருக்கும்போது தாய் ஈ இலையின் நடுநரம்பைத் துளைத்து முட்டையிடுகிறது. இலை முற்றி விறைத்துவிட்டால் அதனால் துளைக்க முடியாது. புழு நரம்புக்குள் தொடங்கி, இலையுதிர்காலத்தில் இலைப்பரப்புக்குள் புகுந்து, மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் இடையிலுள்ள பசுமையைத் தின்றபடி மாரியைக் கழிக்கிறது. வெளியே உறைபனி. சிட்டுக்கள் இலையைக் கொத்திக் கிழித்து அதைத் தேடுகின்றன. சிறு குளவிகள் அதன் உடலிலேயே தம் முட்டையை வைக்கின்றன. தப்பியது அதே இலைக்குள் கூட்டுப்புழுவாகி, வைகாசியளவில் ஈயாக வெளியேறும். வருடத்துக்கு ஒரே தலைமுறை. இந்தச் செடியை விட்டால் அதற்கு வேறு உணவில்லை.

“இதுவல்லவோ பற்று!” என்றார் எங்களில் மூத்தவர். “செத்தாலும் வேறொன்றைத் தின்னாது.”

இந்த ஈக்களின் குடும்பத்தில் ஏறத்தாழ 3000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. மிகப் பெரும்பான்மை இப்படித்தான்: ஒரு செடி, அல்லது ஒரே குடும்பத்துச் சில செடிகள். எதையும் தின்னக்கூடியவற்றை விரல்விட்டு எண்ணலாம். அவற்றுள் ஒன்று பட்டாணி, கடுகு, செவ்வந்தி என்று முப்பதுக்கு மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் வாழ்கிறது. ஐரோப்பாவிலும் உண்டு, இந்தியாவிலும் உண்டு. இன்னொன்று 1970களில் புளோரிடாவிலிருந்து ஏற்றுமதியான செவ்வந்திப் பதியன்களோடு உலகெங்கும் பரவியது. தக்காளி இலையிலும் பயற்றை இலையிலும் பாம்பு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடு போடுவது இத்தகைய ஈக்கள்தான். இந்த விபரத்தைச் சொன்னதும் கதை இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் அவற்றை நன்றிகெட்டவை என்றார். மற்றவர், பிழைக்கத் தெரிந்தவை என்றார். அதன்பிறகு நாங்கள் பேசியது ஈயைப்பற்றி அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் ஜேர்மன் பேசும் பிள்ளைகளைப்பற்றி, சோறு வேண்டாம் என்னும் பிள்ளைகளைப்பற்றி நாங்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்களே அன்றும் வந்தன. பற்று, துரோகம், மறதி. ஆனால் அந்தப் புழுவை இன்னொருமுறை பார்த்தால் இந்தச் சொற்கள் ஒன்றும் அதில் ஒட்டாது. முட்செடியைத் தெரிவுசெய்தது புழு அல்ல, தாய். அது வைத்த இடத்தில் பிள்ளை தின்கிறது. அந்த இலையை விட்டு இன்னொரு இலைக்குப் போக அதற்கு வழியில்லை. எதையும் தின்னும் இனங்களிலும் நிலைமை பெரிதாக வேறல்ல. நூறு செடிகளில் வாழக்கூடியது அந்த இனந்தான். அநேகமாக ஒவ்வொரு புழுவும் தன் தாய் தெரிந்த இலையை மட்டுமே தின்று வளர்கிறது. அப்படியிருக்க, பற்று என்று புகழவோ துரோகம் என்று பழிக்கவோ புழுவிடம் என்ன இருக்கிறது?

எங்களில் ஒருவரின் மகள் ஒருநாள் இதை எங்களைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். தமிழ் வகுப்புக்குப் போகாததற்குத் தகப்பன் ஏசியபோது, “இங்க பிறக்கவேணும் எண்டு நான் கேட்டனானோ, அப்பா?” என்றாள். அவர் பதில் சொல்லவில்லை. அன்றிரவு எங்களுக்குத் தொலைபேசி எடுத்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நாங்கள் மட்டும் கேட்டோமா என்று நாமும் திருப்பிக் கேட்கலாம். 1983க்குப் பின் வந்தவர்களில் எத்தனைபேர் இந்த நாட்டை விரும்பித் தெரிந்தார்கள்? எந்த மாநிலத்தில் வாழ்வது என்பதைக்கூட அரசே பங்கிட்டது. சிலருக்குச் சூக் விழுந்தது, சிலருக்குப் பேர்ண். தாய் ஈக்கும் எல்லா இலையும் திறந்திருப்பதில்லை. அந்தச் சில வாரங்களில் எது மெத்தென்று இருக்கிறதோ அதில்தான் துளைக்கலாம். எங்களுக்கும் அப்போது திறந்திருந்த கதவு இது. ஆனாலும் இதைச் சாட்டாகச் சொல்லித் தப்ப முடியுமா? தெரிவு குறுகலாக இருந்தது என்பது உண்மை. தெரிவு எங்களுடையது என்பதும் உண்மை. பிள்ளைகளுக்கு அதில் பங்கில்லை. அவர்கள் தின்பதற்கு அவர்களையே குற்றவாளியாக்குவது எங்கள் கணக்கை அவர்கள் தலையில் எழுதுவதாகும்.

ஒப்பீட்டை இதற்குமேல் இழுத்தால் பொய்யாகிவிடும். மனிதப் பிள்ளை புழுவல்ல. அது இலையை விட்டு வெளியே வரும், மொழிகளைக் கூட்டிக்கொள்ளும், வேண்டுமானால் ஒருநாள் நாங்கள் விட்டுவந்ததைத் தானாகத் தேடியும் போகும். அதைவிடப் பெரிய வேறுபாடு எங்கள் பக்கத்தில் இருக்கிறது. முட்டையிட்ட ஈ சில வாரங்களில் இறந்துவிடும். தன் பிள்ளையை அது காண்பதில்லை, பிள்ளை அதனிடம் ஏன் இந்த இலை என்று கேட்கவும் முடியாது. நாங்கள் இன்னும் உயிரோடு, ஒரே மேசையில், பக்கத்துக் கதிரையில் இருக்கிறோம். கேட்கிறார்கள். விசுவாசத்தைக் கோரும் முன் பதிலைக் கொடுக்கவேண்டிய கடன் எங்களுக்கு இருக்கிறது: ஏன் வந்தோம், யாரை விட்டு வந்தோம், எதற்குப் பயந்தோம், எதில் பிழைவிட்டோம்.

அந்தத் தகப்பன் சில கிழமைகளுக்குப் பிறகு மகளிடம் பேசத் தொடங்கினாராம். தமிழில் பாதி, ஜேர்மனில் பாதி. இரண்டிலும் தடுமாறினேன் என்றார்.